10 மில்லிமீட்டர் செம்பருத்தி

பொம்மை வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் 1:12 என்ற அளவில்தான் வேலை செய்வார்கள். நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். அந்தக் கணக்கில் 12 சென்டிமீட்டர் விரியும் செம்பருத்தி 10 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். 6 சென்டிமீட்டர் இதழ் 5 மில்லிமீட்டர். நீளத்தையும் அகலத்தையும் எல்லோரும் ஒழுங்காகக் குறைத்துவிடுகிறோம். கோட்டை விடுவது தடிமனில்.

அரை மில்லிமீட்டருக்கு ஓர் இதழைத் தட்டி எடுத்தால் அடேயப்பா, எவ்வளவு மெல்லிசு என்று நமக்கே தோன்றும். அதை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6 மில்லிமீட்டர். செடியில் பூத்திருந்தால் அது இதழாக இருக்காது, ஒட்டுப்பலகையாக இருக்கும். குட்டிப் பூக்கள் பலவற்றில் நிறமும் வடிவமும் சரியாக அமைந்தும் "பொம்மைப் பூ" என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். முழு இதழையும் மெல்லிசாக்க முடியாது, கிழிந்துவிடும், நிற்காது. ஆனால் கண் தடிமனை அளப்பது விளிம்பை வைத்துத்தான். விளிம்பு மட்டும் மெலிந்திருந்தால் போதும், நடுவில் சதை இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பொம்மை வீட்டுக்காகப் பாலிமர் க்ளேயில் நான் செய்த இந்தச் செம்பருத்திச் செடியில் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பலரும் ரோஜாவில்தான் தொடங்குவார்கள். ரோஜா நல்ல ஆரம்பம், மறுக்கவில்லை. இதழ்கள் ஒன்றை ஒன்று சுற்றி மூடிக்கொள்வதால் பாதிக்கு மேல் உள்ளே மறைந்துவிடும், தடிமனும் கூடவே மறைந்துவிடும். செம்பருத்தியில் அந்தச் சலுகை கிடையாது. ஐந்தே இதழ், ஐந்தும் முகத்தைக் காட்டிக்கொண்டு விரிந்து நிற்கும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் க்ளே பற்றி. பாலிமர் க்ளே அடிப்படையில் பி.வி.சி. துகள்கள், அவற்றோடு பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய் மாதிரியான திரவமும் நிறமியும் நிரப்பிகளும் சேர்ந்தது. காற்றில் காயாது. சூடு ஏறும்போது அந்தத் திரவத்தைத் துகள்கள் உறிஞ்சி ஒன்றோடொன்று இணைந்து ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். தண்ணீர் வற்றிக் கெட்டியாகும் பொருள் இல்லை என்பதால் சுருங்குவது மிகக் குறைவு. சோள மாவும் பசையும் கலந்து செய்யும் கோல்டு போர்சலினில் காயக் காயச் சுருங்கும் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே 5 மில்லிமீட்டர் இதழ் வெந்த பிறகும் 5 மில்லிமீட்டர்தான். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்து தொடரலாம் என்பது இன்னொரு வசதி. பொம்மை வீட்டுக்கும் இந்தப் பொருளுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மன் பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூஸேயின் மகள் கையில் தொடங்கியது இது. 1964-இல் எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்திடம் போன பிறகு ஃபிமோ என்ற பெயரில் உலகமெல்லாம் பரவியது.

எந்த வகை வாங்குவது என்பது பூ வேலையில் முக்கியம். வெந்த பிறகு கொஞ்சம் வளைந்து கொடுக்கிற க்ளே வேண்டும். ஃபிமோ புரொஃபஷனல், பிரீமோ, செர்னிட், கேட்டோ இவையெல்லாம் வளையும். குழந்தைகளுக்கென்று வரும் மிக மிருதுவான வகைகள் பிசைய சுகமாக இருக்கும், ஆனால் மெல்லிய இதழாக்கினால் வெந்த பிறகு பொட்டென்று முறியும். நான் ஃபிமோ புரொஃபஷனலை எடுத்தேன். பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் கல் மாதிரி இருக்கும். பொடிப்பொடியாக நறுக்கி, உள்ளங்கைச் சூட்டில் உருட்டி மடித்து, மடித்த இடத்தில் விரிசல் விழாத வரைக்கும் பிசைய வேண்டும். இதில் அவசரப்பட்டால் இதழ் விளிம்பு அரம் மாதிரி பிசிறு பிசிறாக வரும். அதற்கு நேர்மாறாகக் கையில் ஒட்டும் அளவுக்கு இளகியிருந்தால் சாதாரண வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே தட்டி வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றிவிடலாம். எண்ணெய் தாளில் இறங்கி க்ளே இறுகும்.

சேமிப்பு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வேகாத க்ளேயைக் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கடினமான பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள், பிளாஸ்டிசைசர் அதைத் தின்றுவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பாலிபுரொப்பிலீன் டப்பா நல்லது.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. வெள்ளை டைல் ஒன்று, நீள பிளேடு, தையல் ஊசி, 1 மில்லிமீட்டரும் 2 மில்லிமீட்டரும் உருண்டைத் தலை உள்ள பால் டூல், மெல்லிய பிரஷ் இரண்டு, ஒட்டுவதற்குப் பசை மாதிரி உதவும் லிக்விட் க்ளே, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அலுமினிய ஃபாயில். பால் டூல் இல்லாவிட்டால் கண்ணாடித் தலை வைத்த குண்டூசியை ஒரு பென்சில் முனையில் செருகிக்கொள்ளலாம். நானே பாதி நேரம் அதைத்தான் தேடி எடுக்கிறேன். ஊசிக்கு ஒரு பிடி வேண்டும் என்பது மட்டும் கட்டாயம், இல்லாவிட்டால் விரல் வலித்துவிடும். மிச்ச க்ளேயைச் சுற்றி, ஊசியோடு சேர்த்து வேகவைத்தால் பிடி தயார். இவற்றில் எதுவும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

தூசிதான் இந்த வேலையில் உண்மையான எதிரி. கண்ணுக்குத் தெரியாத துணிப் பிசிறு ஒன்று வெள்ளை க்ளேயில் ஏறிவிட்டால் 1:12 கணக்கில் அது இதழில் ஒட்டிய கயிறு. கம்பளி, கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு உட்காராதீர்கள். நிறம் மாற்றும்போதெல்லாம் கையை ஈரத் துடைப்பானால் துடைத்து, டைலை ஆல்கஹாலால் ஒரு தடவை துடைத்துவிடுவது பழக்கமாக வேண்டும். வரிசையும் உதவும்: வெள்ளை, மஞ்சள், பச்சை, கடைசியாகச் சிவப்பு. சிவப்பு நிறமி விரல் ரேகையில் ஏறினால் எளிதில் போகாது.

நிறம்.

பாக்கெட்டிலிருந்து வரும் சிவப்பை அப்படியே பயன்படுத்தினால் வெந்த பிறகு இருண்டு, அடர்ந்து, அரக்கு முத்திரை போல உயிரில்லாமல் நிற்கும். பொருள் சிறிதானால் நிறம் கூடுதலாக அடர்ந்து தெரியும் என்பதால் நிஜப் பூவின் சிவப்பைவிட ஒரு படி வெளிறிப்போவதுதான் சரி. நான் கலந்தது: சிவப்பு ஒரு பங்கு, டிரான்ஸ்லுசென்ட் ஒரு பங்கு, அதில் மிளகளவு ஆரஞ்சு, அதிலும் பாதி வெள்ளை. டிரான்ஸ்லுசென்ட் க்ளே வேகாதபோது பால் மாதிரி மங்கலாக இருந்து எல்லா நிறத்தையும் வெளிறிக் காட்டும். வெந்ததும் தெளிந்து உள்ளிருக்கும் நிறம் மேலே வந்துவிடும். அதனால் பிசையும்போது தெரிகிற நிறத்தை நம்பிப் பயனில்லை. ஒரு சின்ன வில்லையை வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும். இந்தக் கலவைக்கு இன்னொரு லாபம்: விளிம்பு மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். நிஜ இதழும் அதைத்தான் செய்கிறது.

ஜூடித் ஸ்கின்னர் பெயரில் வழங்கும் ஸ்கின்னர் பிளெண்ட் என்ற முறை உண்டு. இரண்டு நிறங்களை முக்கோணமாக வெட்டிச் சேர்த்து, ஒரே திசையில் மடித்து மடித்து பாஸ்தா மெஷினில் விட்டால் ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைந்து வரும் தகடு கிடைக்கும். அழகான முறை. ஆனால் 5 மில்லிமீட்டர் இதழுக்கு அத்தனை பாடு தேவையில்லை. அடியில் இருக்கும் கருஞ்சிவப்புக் கண்ணை, சாக்பீஸ் மாதிரி இருக்கும் பேஸ்டல் நிறக்குச்சியின் தூளாலேயே கொண்டுவந்துவிடலாம். நிறங்களை அடுக்கித் தடியாக்கி, இழுத்துச் சிறிதாக்கி, பூ பூவாகச் சீவி எடுக்கும் கேன் முறையையும் இதற்கு நான் எடுக்கவில்லை. சீவல் எங்கும் ஒரே தடிமன். நகத்தில் ஒட்ட, மணியில் பதிக்க அருமையாக இருக்கும். செடியில் வைத்தால் ஸ்டிக்கர்தான்.

செய்ய ஆரம்பித்தது நடுத்தண்டிலிருந்து. செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் தனித்தனியாக நிற்பதில்லை. எல்லாம் ஒன்றாகக் கூடிக் குழலாகி, பூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். குழலின் மேல் பாதியைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள், அவற்றையும் தாண்டி உச்சியில் ஐந்து கிளையாகப் பிரிந்த சூலகமுடி. இது சரியாக அமைந்துவிட்டால் இதழில் சின்னச் சின்னப் பிசகு இருந்தாலும் பார்ப்பவர் மனசு செம்பருத்தி என்று ஒப்புக்கொள்ளும்.

30 கேஜ் கம்பியை எடுத்தேன், கால் மில்லிமீட்டர் கனம். க்ளே உலோகத்தோடு ஒட்டாது, அதனால் முனையை இடுக்கியால் கொஞ்சம் நசுக்கி, லிக்விட் க்ளே தொட்டு, அதன் மேல் மெல்லிய இழை ஒன்றைச் சுற்றி டைலில் ஒரு உருட்டு. 6 மில்லிமீட்டர் நீளம், மேலே போகப் போக ஒடுங்க வேண்டும். இதை மட்டும் தனியாகப் பத்து நிமிடம் வேகவைத்துக்கொண்டேன். மகரந்தத்துக்கு, வெந்த மஞ்சள் க்ளேத் துண்டு ஒன்றை உப்புத்தாளில் தேய்த்தால் கிடைக்கும் தூளைப் போல வேறெதுவும் வராது. மேல் பாதியில் லிக்விட் க்ளே மெல்லிசாகத் தடவி அந்தத் தூளில் ஒரு புரட்டு. பேஸ்டல் தூள் நிறத்தை மட்டும் தரும். இது சொரசொரப்பையும் தரும். உச்சிக்கு, சிவப்பு கலந்த லிக்விட் க்ளேயை ஊசி நுனியில் எடுத்துப் புள்ளி வைத்தேன். ஐந்து வைக்க வேண்டும்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் மூன்றுக்கு மேல் தெரியாது என்பதால், நெருக்கி ஐந்து வைத்து ஒரே கட்டியாக்குவதைவிடப் பிரிந்து நிற்கும் மூன்று மேல்.

இனி இதழ். ஐந்தும் ஒரே அளவில் வர வேண்டுமானால் கண்ணளவில் கிள்ளக் கூடாது. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு திரி உருட்டி, அளவுகோல் பக்கத்தில் வைத்து, சம துண்டுகளாக பிளேடால் வெட்டினேன். துண்டு ஒவ்வொன்றும் உருண்டை, உருண்டை பிறகு நீர்த்துளி வடிவம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், விளிம்பு பிறக்கும் இடம் இதுதான். நீர்த்துளியை இடது ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில் வைத்து, கூர்முனை உங்களைப் பார்த்தபடி, மெல்ல அழுத்தித் தட்டையாக்குங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனில் நிறுத்திவிடலாம். இப்போது பால் டூலின் தலையை அகன்ற பக்கத்து ஓரத்தில் வைக்க வேண்டும், பாதித் தலை க்ளேயின் மேல், பாதித் தலை உங்கள் தோலின் மேல். அழுத்தாமல், ஓரத்தை ஒட்டியே முன்னும் பின்னும் ஓட்டுங்கள். விரல் சதை அமுங்கிக் கொடுக்கும், அதனால் க்ளே கிழியாமல் வெளிப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே மெலியும். டைல் மேல் இதையே செய்தால் ஒட்டிக்கொண்டு கிழியும். நாலைந்து ஓட்டத்தில் ஓரம் தானாகவே அலையலையாக நெளிய ஆரம்பிக்கும். சிவப்பினூடே தோலின் நிறம் லேசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நிறுத்த வேண்டிய இடம் அது. இன்னும் ஒரு ஓட்டம் போனால் ஓரம் பிய்ந்து தூளாகும். கூர்முனைப் பக்கம் டூலே போகக் கூடாது. பூவைத் தாங்கப்போவது அந்தச் சதைதான்.

பிறகு ஊசியைப் படுக்கவைத்து, அடியிலிருந்து விசிறியாக விரியும் நரம்புக் கோடுகள் ஐந்தாறு. ஓரம் வரைக்கும் இழுக்காமல் முக்கால் தூரத்தில் விட்டுவிட்டால் இயல்பாக இருக்கும். விரலிலிருந்து எடுக்க பிளேடை அடியில் நுழைத்து வழித்தெடுக்கலாம்.

விரல் ரேகை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேகைக்கும் ரேகைக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். இதழின் மேல் அது பதிந்தால் வயல் வரப்பு போட்டது போலத் தெரியும். விரலில் துளி சோள மாவு பூசிக்கொண்டாலே பாதி குறையும். மீதியை, பிரஷை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்துவிட்டு ஒரே ஒரு தடவல். அடிப்பக்க ரேகையை விட்டுவிடுங்கள், பூவைக் கவிழ்த்துப் பார்ப்பவர்களுக்காக வேலை செய்தால் எதுவுமே முடியாது.

நிழல் தீட்டுவதும் வேகும் முன்பே நடக்க வேண்டும். சாஃப்ட் பேஸ்டலை பிளேடால் சுரண்டினால் தூள் கிடைக்கும். எண்ணெய்ப் பேஸ்டல் வேண்டாம். வேகாத க்ளேக்கு இருக்கும் லேசான ஒட்டும் தன்மையே தூளைப் பிடித்துக்கொள்ளும், வெந்ததும் நிலைத்துவிடும். இதழின் அடி மூன்றில் ஒரு பங்குக்குக் கருஞ்சிவப்பு. அதைக் கூர்மையாக நிறுத்தாமல் நரம்பு வழியே மேலே கொஞ்சம் இழுத்துவிட்டேன். ஓரத்தில் எதுவும் தீட்டவில்லை. தீட்டினால் ஊடுருவும் வெளிச்சம் போய்விடும்.

பூவைக் கட்ட ஓர் அச்சு தேவை. ஃபாயிலை பென்சில் முனையில் சுற்றி, கழற்றி, வாயை அகட்டினால் சின்னப் புனல். அடியில் ஊசியால் ஒரு துளை. இதழ்களை அதற்குள் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், அடியில் ஊசி நுனி அளவு லிக்விட் க்ளே. அடுக்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பள்ளித் தாவரவியலில் திருகு இதழமைவு என்று படித்திருப்போம். ஒவ்வோர் இதழின் ஒரு பக்கம் அடுத்ததன் கீழேயும், மறுபக்கம் முந்தையதன் மேலேயும் இருக்கும். முதல் நான்கும் தானாக அமைந்துவிடும். ஐந்தாவதை அப்படியே மேலே வைத்தால் அது இரண்டு பக்கமும் மேலே ஏறி உட்கார்ந்து, பூவின் சுழற்சி அந்த இடத்தில் அறுந்துவிடும். அதன் ஓர் ஓரத்தை ஊசியால் மெல்லத் தூக்கி முதல் இதழின் அடியில் நுழைக்க வேண்டும். நுழைந்ததும் பூ ஒரு பக்கமாகச் சுழல்வது போன்ற தோற்றம் சட்டென்று வந்துவிடும். கடைசியாக வெந்த நடுத்தண்டை மேலிருந்து இறக்கி, கம்பியைப் புனலின் துளை வழியே கீழே இழுத்து, தண்டின் அடி இதழ்களுக்கு நடுவே பதியும்படி நிறுத்தினேன். நேராக நிற்க வேண்டியதில்லை, லேசாகச் சாய்ந்தால்தான் அழகு.

வேகவைப்பதில் நிறையப் பேர் பயப்படுவது கருகிவிடுமோ என்று. மெல்லிய பூக்கள் உடைவதற்குப் பெரும்பாலான நேரம் காரணம் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது: போதுமான அளவு வேகாததுதான். துகள்கள் முழுசாக இணையாவிட்டால் மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் இருக்காது. இதழ் மெல்லிசுதானே, பத்து நிமிடம் போதும் என்று எடுத்துவிடக் கூடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில் முழு நேரமும் இருக்க வேண்டும். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், பிரீமோவுக்கு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 130 டிகிரியில் 30 நிமிடம். கூடுதல் நேரம் இருந்தால் கெடுதல் இல்லை. கூடுதல் சூடுதான் ஆபத்து. அளவுக்கு மீறிச் சூடேறினால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். காட்டமான நெடி அடித்தால் ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மைக்ரோவேவில் வைக்கும் எண்ணமே வேண்டாம்.

ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. சின்ன ஓவன்களில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சூடு, நடுவில் ஒரு சூடு. உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தக் கவலை தீர்ந்தது. அடியில் தடித்த டைல் வைத்து, முன்கூட்டியே சூடேற்றி, பூக்களின் மேல் ஃபாயிலால் கூடாரம் போட்டுவிட்டால் நேரடிச் சூடு படாது, ஓரம் பழுப்பேறாது. டிரான்ஸ்லுசென்ட் கலந்தவை பழுப்பேறுவதில் முந்திக்கொள்ளும் என்பதால் கூடாரம் அவசியம்.

ஒவ்வொரு தடவையும் உபரியாக ஓர் இதழைக் கூடவே வேகவைக்கிறேன். சூட்டோடு எடுத்துப் பார்த்தால் எல்லாமே தொளதொளவென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆறிய பிறகு அந்த உபரி இதழை வளைத்துப் பார்த்தால் வளைந்து திரும்ப வேண்டும். முறிந்தால் மொத்தத் தட்டும் மறுபடி ஓவனுக்குள். வெந்த க்ளேயை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப வேகவைக்கலாம் என்பது இந்தப் பொருளின் பெருந்தன்மை.

புல்லிவட்டம் இரண்டாவது சுற்றில். பச்சை உருண்டையைக் கம்பி வழியே கீழிருந்து ஏற்றி, பூவின் அடியில் லிக்விட் க்ளேயோடு அழுத்தி, ஊசியால் ஐந்து முனைகளாக இழுத்துவிட்டேன். அதற்கும் கீழே செம்பருத்திக்குப் புறப்புல்லி என்று மெல்லிய பச்சை இழைகள் உண்டு. தலைமுடி மாதிரி உருட்டி நாலைந்தை ஒட்டினேன். யாரும் பார்க்கப்போவதில்லை, எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இலைக்கு, பாக்கெட் பச்சை மட்டும் கூடவே கூடாது. மஞ்சளும் துளிப் பழுப்பும் சேர்ந்தால்தான் இலை. செம்பருத்தி இலையின் மேல் பாதி ஓரத்தில் பல் பல்லாக இருக்கும், அடிப்பாதி வழவழப்பு. எல்லா ஓரத்தையும் கொத்திவிட்டால் வேறு ஏதோ செடியாகிவிடும். நரம்பு பதிக்க நிஜ இலையை அழுத்துவது பெரிய பூக்களில் சரி. இந்த அளவில் அதன் நரம்பு வாய்க்கால் மாதிரி விழும். ஊசிதான். ஒவ்வோர் இலைக்கும் தனிக் கம்பி.

பூக்கள் எல்லாம் ஒரே மாதிரி மலர்ந்திருந்தால் செடி பொய்யாகிவிடும். மொட்டு எளிது: நீர்த்துளி வடிவத்தில் ஒரே பக்கமாகத் திருகிய கோடுகள் இழுத்து, பச்சைத் தொப்பி போட்டால் முடிந்தது. செம்பருத்தி பெரும்பாலும் ஒரு நாள் பூ, மறுநாள் இதழெல்லாம் சுருண்டு மூடிக்கொள்ளும். அதனால் கருஞ்சிவப்பில் கொஞ்சம் நீலம் கலந்து, குடை மடக்கியது போல முறுக்கி ஒரு வாடிய பூவும் செய்து வைத்தேன். பார்ப்பவர்கள் விரல் முதலில் போவது அதன் பக்கம்தான்.

சேர்க்கும்போது மறுபடி தடிமன் பிரச்சினை. காம்புகளில் சுற்றும் பூக்கடை டேப்பை அப்படியே சுற்றினால் கிளை மரமாகிவிடும். நீளவாக்கில் மூன்றாகக் கிழித்துச் சுற்றலாம். நான் கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, பழுப்புப் பச்சைப் பேஸ்டல் தூள் கலந்த லிக்விட் க்ளேயை பிரஷால் பூசி, தலைகீழாகத் தொங்கவிட்டு மூன்றாவது முறை வேகவைத்தேன். தொட்டி 30 மில்லிமீட்டர் உயரம், செங்கல் நிறம், மேலே வெள்ளைப் பேஸ்டலைத் தேய்த்து உப்புப் பூத்தது போன்ற கறை.

இந்தக் கட்டத்தில் ஒரு பூவின் இதழ் ஓரம் இடுக்கி பட்டுச் சிதறிவிட்டது. புதுசாக ஒட்டவில்லை. சிதறிய இடத்தை பிளேடால் வளைவாகச் செதுக்கி, ஓரத்தில் பழுப்பைத் தொட்டுவைத்ததும் அது பூச்சி அரித்த இதழாகிவிட்டது. முழு இதழே கழன்றால் லிக்விட் க்ளே வைத்து மறுபடி வேகவைப்பதுதான் உறுதி. சூப்பர் குளூ ஜெல்லும் பிடிக்கும், ஆனால் ஓவன் சூட்டில் அதன் பிடி தளர்ந்துவிடும். அதனால் எல்லா வேக்காடும் முடிந்த பிறகே அதைத் தொடுவது நல்லது.

இதழுக்கு வார்னிஷ் வேண்டாம். பளபளப்பு வந்தால் ஓரத்தில் வெளிச்சம் பட்டு இருக்கும் தடிமனையும் இரட்டிப்பாகக் காட்டிவிடும். இலைக்கு மட்டும் தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ், சாட்டின் வகை, மெல்லிசாக ஒரு பூச்சு. நகப்பூச்சும் ஸ்பிரே வார்னிஷ்களில் பலவும் முதலில் நன்றாகத்தான் இருக்கும். நாளாக ஆக க்ளேயோடு வினைபுரிந்து பிசுபிசுக்கும், அதில் தூசி ஏறினால் செடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நிறங்கள் கலந்து சேறாகிப்போன மிச்ச க்ளே கடைசியில் எப்படியும் ஒரு உருண்டை தேறும். அதில் பழுப்பைக் கூட்டி, வேகவைத்து, உப்புத்தாளில் தேய்த்தால் தொட்டிக்கு மண். நீர் கலந்த பசையில் குழைத்து நிரப்பி, செடியின் கம்பியை நடுவில் செருகி, காயும் வரை இரண்டு அழிப்பான்களுக்கு நடுவே நிறுத்திவைத்தேன். இன்னும் கொஞ்சம் தூள் மீந்திருக்கிறது. அடுத்து மல்லிகைக் கொடி செய்யலாம் என்று இருக்கிறேன், அங்கே பூவே 2 மில்லிமீட்டர்தான். பால் டூலுக்குப் பதில் ஊசியின் காதுப் பக்கத்தைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.